பயத்தால் அளந்தவர்

அவரிடம் மூன்று அளவுகள் இருந்தன. "லேசா பயமா இருக்கு" என்று சொன்னால் நட்டை இன்னும் கால் சுற்று முடுக்க வேண்டும். "பயமா இருக்கு" என்றால் மாட்டியதைக் கழற்ற வேண்டும். "ரொம்ப பயமா இருக்கு" என்று அவர் சொல்லி நான் கேட்டது நான்கு முறைதான். நான்கையும் வரிசை தவறாமல் சொல்ல இன்றைக்கும் என்னால் முடியும். எண்ணுவது எனக்கு நோய். இந்தப் பக்கத்தை எழுத உட்காருவதற்குள் ஜன்னல் கம்பிகளை இரண்டு முறை எண்ணிவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் ஓடிய மூன்று பஸ்கள் அதில் நின்றன. முதலாளிக்குச் சொந்தமானவை. நான் அங்கே கிராணி, கணக்கு எழுதுகிறவன். டிக்கெட் கட்டு, பெட்ரோல் டின், சிங்கப்பூருக்கு எழுதி வரவழைக்கும் சாமான் எல்லாம் என் கையெழுத்தில் நடக்கும். அவர் ஃபிட்டர். பெயர் வேண்டாம். கொட்டகையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. டிரைவர் சூசை 'பயந்தாங்கொள்ளி அண்ணே' என்று ஆரம்பித்தான், அதுவே நிலைத்துவிட்டது.

ஆள் பெரிய ஆள். அவர் உள்ளங்கையில் என் இரண்டு கையும் அடங்கும். அவ்வளவு பெரிய மனிதர் தேநீரை ஏழு முறை ஊதிவிட்டுத்தான் வாயில் வைப்பார். மாட்டு வண்டி கண்ணுக்குத் தெரிந்தால் அது கடந்து போகும்வரை ரோட்டு ஓரத்தில் குடையோடு நிற்பார். ஜாக்கி போட்டுத் தூக்கிய பஸ்ஸின் அடியில் நுழையுமுன் மூன்று கட்டைகளைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, மூன்றையும் காலால் உதைத்துப் பார்ப்பார். இஞ்சினை முடுக்கும்போது, "தள்ளி நில்லுங்க, எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று கையை விரித்துக்கொண்டு எங்களைச் சுவர் வரை தள்ளுவார்.

சூசைக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏன் அண்ணே, வீட்டுல அண்ணி மூஞ்சியப் பார்த்தா எத்தனாவது பயம்?"

"அது அளவுல வராது, சூசை."

முதல் முறை அவர் "ரொம்ப பயமா இருக்கு" என்றது, சூசை சுருட்டோடு பெட்ரோல் டின் பக்கம் வந்தபோது. அது யாருக்கும் வரக்கூடிய பயம். இரண்டாம் முறைதான் எங்கள் சிரிப்பை அடக்கியது. காலை நேரம், பஸ்ஸில் பதினெட்டுப் பேர் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. அவர் ஒரு நீளமான மரக்குச்சியின் ஒரு முனையை இஞ்சின் மேல் வைத்து, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கேட்பார். காதைவிடப் பல்லுக்கு நன்றாகக் கேட்கும் என்பார். அன்று கேட்டுவிட்டு, குச்சியைப் போட்டார். இஞ்சினைப் பார்க்கவில்லை; சத்தம் கீழே பிரேக் பக்கத்திலிருந்து வருகிறது என்றார். பிரேக் மிதியை நாலு தடவை அமுக்கிப் பார்த்தார். அந்த வார்த்தையைச் சொன்னார். பதினெட்டுப் பேரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். முதலாளி கத்தினார். பிரேக் கம்பியைக் கோத்திருக்கும் ஆணி பாதி அறுந்து கிடந்தது. சூசை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதற்குப் பிறகும் கேலி நிற்கவில்லை. ஆனால் தினமும் வண்டியை எடுக்குமுன், "என்ன அண்ணே, போலாமா?" என்று கேட்பான். அவர் தலையாட்டாமல் பஸ் நகராது.

ஒரு நாள் அவரிடம் கேட்டேன். "இதுக்கு முன்னால வேலை பார்த்த எடத்துல ஏதாச்சும் விபத்து பார்த்தீங்களா? அதனாலதான் இப்படியா?"

யோசித்தார். "இல்ல கிராணி. இருவது வருசமா ஒண்ணுமே நடக்கல."

"அப்புறம் ஏன் பயப்படுறீங்க?"

"பயந்ததாலதான் நடக்கல."

அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இருந்தது. நானும் பயந்தவன்தான். ஆனால் எங்கள் பயம் ஒரே பயம் அல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்போது ரப்பர் விலை விழுந்திருந்த காலம். தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். வேலை போனவர்களைக் குடும்பத்தோடு கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் ஏறுகிறவர்களும் குறைந்தார்கள். முதலாளி கொட்டகைக்குள் வரும்போதெல்லாம் எங்களைத் தலை எண்ணுவது போலப் பார்ப்பார். எண்ணுகிறவனுக்கு எண்ணும் பார்வை தெரியும். ஒருவர் அதிகம் என்று அவர் மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். யார் என்பதுதான் பாக்கி. ஃபிட்டருக்கு மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும். எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாம் நம்பர் பஸ்ஸின் இஞ்சின் பிரிக்கப்பட்டது. கேம் ஷாப்ட்டின் புஷ்கள் தேய்ந்துவிட்டன. கேம் ஷாப்ட் என்பது இஞ்சினின் வயிற்றுக்குள் படுத்திருக்கும் இரும்புத் தண்டு. அதில் எட்டு முண்டுகள் இருக்கும். தண்டு சுற்றும்போது அந்த முண்டுகள் வால்வுகளைத் தூக்கி இறக்கும். தண்டு மூன்று இடத்தில் பித்தளை வளையங்களுக்குள் உட்கார்ந்து சுற்றும். அந்த வளையம்தான் புஷ். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. புதிய புஷ் மூன்று வேண்டுமென்று சிங்கப்பூருக்கு எழுதினேன். வந்து சேர இருபத்திரண்டு நாள் ஆயிற்று. அத்தனை நாளும் பஸ் நின்றது. கிள்ளானில், சந்தை இருக்கும் பாசார் முனையில் எங்கள் இடத்தில் இன்னொருவருடைய பஸ் நிற்கத் தொடங்கியது.

புஷ் வந்த மறுநாள் ஆயுத பூசை. இஞ்சினின் இரும்புப் பிளாக், வெறும் ஓட்டைகளோடு பெஞ்சின் மேல் கிடந்தது. சந்தனக் கிண்ணமும் குங்குமமும் என் பொறுப்பு. ஃபிட்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கிராணி, சுத்தியலுக்கு வைங்க, ஸ்பேனருக்கு வைங்க, பஸ்ஸுக்கு எவ்வளவு வேணும்னாலும் பூசுங்க. பிளாக்குல மட்டும் வேணாம். தொறந்து கெடக்குது. மூடின பெறகு வைக்கலாம்."

"சரி" என்றேன்.

நாற்பத்தாறு பொட்டு வைத்தேன். தராசு, எண்ணெய்க் குவளை, என் பேனா, மைக்கூடு எல்லாம் சேர்த்து. கற்பூரம் காட்டியாயிற்று. எல்லோரும் வெளியே பொரியும் சுண்டலும் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நாற்பத்தேழு சாமான்கள் இருந்தன. ஒன்று விட்டுப்போயிற்று. அதுவும் எது? ஆட்களைச் சுமந்து போகப்போகிற இஞ்சின். நாளைக்கு அந்தப் பஸ்ஸுக்கு ஏதாவது ஆனால், பொட்டு வைக்காமல் விட்டவன் நான் என்று ஆகும். உள்ளே போனேன். பிளாக்கின் முன்பக்கத்து ஓட்டையின் வாயோரத்தில், மோதிர விரலால் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன். சந்தனம் நீர்த்துப் போயிருந்தது. ஒரு சொட்டு ஓட்டைக்குள், கீழே இடது பக்கமாக வழிந்தது. விரலை விட்டுத் துடைத்தேன். துடைத்ததாகத்தான் நினைத்தேன். தடவியிருக்கிறேன்.

அதன் பிறகு சுண்டல் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஃபிட்டர் பிளாக்கை மண்ணெண்ணெயில் கழுவினார். ஒரு முறை கழுவி, பயந்து, இன்னொரு முறை கழுவினார். வெளியில் இருந்த பொட்டு எப்போதோ உதிர்ந்துவிட்டது. உள்ளே தடவியது காய்ந்து, பழைய எண்ணெய்க் கறையோடு சேர்ந்து இரும்பின் நிறத்துக்கே வந்துவிட்டது. சந்தனம் தண்ணீரில் இழைத்தது. மண்ணெண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. இஞ்சினைத் தண்ணீரில் கழுவ யாருக்குத் தோன்றும்? துரு ஏறிவிடும்.

புஷ்களைக் கட்டை வைத்து மெல்லத் தட்டி இறக்கினார். தண்டை உள்ளே விட்டார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்டைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டும் பிடித்துச் சுற்றுவார். மூன்றாவது விரல் தேவைப்பட்டால் அது தப்பு. அன்று தண்டு பாதியில் நின்றது. ஐந்து விரலாலும் பிடித்தார். கனமாக, மண்ணில் சுற்றுவது போலச் சுற்றியது. கையை எடுத்துவிட்டார்.

"ரொம்ப பயமா இருக்கு."

இது மூன்றாம் முறை.

சூசை எட்டிப் பார்த்தான். "புது சாமான் அப்படித்தான் லா அண்ணே இருக்கும். ஓட ஓட இளகிடும்."

"இளகாது, சூசை. சூடேறினா இன்னும் பிடிக்கும். பிடிச்சு நின்னுச்சுன்னா பல்சக்கரம் ஒடையும். நீ அந்நேரம் மேட்டுல ஏறிக்கிட்டு இருப்பே. இல்ல ரயில் கேட்டுல தண்டவாளத்து மேல நிப்பே."

சூசை சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். அதற்குப் பிறகு இளகும் என்று அவன் சொல்லவில்லை.

என் முதல் பயம் என் ஆர்டரைப் பற்றியது. அளவைத் தவறாக எழுதிவிட்டேனா? நகலை எடுத்து ஒன்பது முறை படித்தேன். சரியாகத்தான் இருந்தது. ஃபிட்டரும் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சந்தேகம் தீர்த்தார். தண்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்து முடிதிருத்தும் கடையிலிருந்து கண்ணாடியை இரவல் வாங்கி, படுக்க வைத்து, அதன் மேல் தண்டை உருட்டினார். கடைக்காரர் கதவருகிலேயே நின்றார்.

"ஒடைஞ்சா ஏழு வருசம் தரித்திரம், பாத்துக்கங்க."

"ஒடையாதுங்க. உங்களவிட எனக்குத்தான் பயம்."

தண்டு நேராக உருண்டது. "வளைஞ்சிருந்தா சுத்தச் சுத்த இறுக்கம் வந்து வந்து போகும்" என்று என்னிடம் சொன்னார். "இது ஒரே மாதிரி பிடிக்குது. அப்போ புஷ்தான்." விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தண்டில் மெல்லப் பூசி, உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்தார். நடுப் புஷ்ஷிலும் பின் புஷ்ஷிலும் கரி ஒட்டவில்லை. முன் புஷ்ஷின் உள்ளே, கீழே இடது ஓரத்தில், ஒரு வெற்றிலைக் காம்பு அகலத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்திருந்தது.

"முழுசாப் பிடிச்சா உள்பக்கம் சுரண்டி எடுக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பிடிக்குது, கிராணி. பின்னால ஏதோ தள்ளுது. புஷ்ஷுக்கும் பிளாக்குக்கும் நடுவுல."

கீழே. இடது ஓரம். என் மோதிர விரல் குளிர்ந்துபோயிற்று.

"வெளிய எடுத்துப் பார்த்துடலாமே" என்றேன்.

"அதான் பயம். மெல்லிசு புஷ். இழுக்கும்போது வாய் நசுங்கினா முடிஞ்சுது. திரும்ப சிங்கப்பூருக்கு எழுதணும். உள்ள ஏதோ இருக்குன்னு உறுதியாத் தெரிஞ்சா எடுத்துடுவேன். இல்லாம எடுத்து, நசுங்கி, உள்ள ஒண்ணுமில்லன்னா? முதலாளி என்னை வைப்பாரா?"

உறுதியாகத் தெரிந்த நான் அவருக்கு இரண்டடி தூரத்தில் நின்றேன். அது புதன்கிழமை. நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை முதலாளி வந்தார். தண்டைத் தானே திருகிப் பார்த்தார்.

"சுத்துதே, என்னய்யா?"

"இறுக்கமா சுத்துது, முதலாளி."

"உள்ள சுரண்டு. மூடு."

"ஒரு பக்கம் சுரண்டினா தண்டு சாஞ்சு உக்காரும். ஒரு மாசத்துல தேஞ்சுடும். இல்லன்னா நடுரோட்டுல பிடிச்சுக்கும். பயமா இருக்கு, முதலாளி."

"உன் பயத்தக் கேட்டுக் கேட்டு என் எடத்துல வேற பஸ் நிக்குது. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வருவேன். இத மூடியிருக்கணும். இல்லன்னா உன்ன ஊருக்கு அனுப்புற கப்பல்ல எடம் இருக்கான்னு நானே போய்க் கேட்டுக்கறேன்."

முதலாளியைக் கண்டால் அவருக்குக் கை நடுங்கும். அன்றும் நடுங்கியது. கையிலிருந்த சுரண்டும் கத்தி பெஞ்சின் மேல் படபடவென்று தட்டியது. அந்த நடுக்கத்தோடேயே, "மூட மாட்டேன், முதலாளி" என்றார். இஞ்சினிடம் இருந்த பயம் அவருக்குப் பெரிதாக இருந்தது. எனக்கு எந்தப் பயம் பெரிது என்று அன்று நான் அளந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே போனேன். அவர் எனக்கு முன்னால் வந்து, பிளாக்கின் முன்னே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். புஷ்ஷை எடுக்கும் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு, எடுக்கவும் முடியாமல், விடவும் முடியாமல்.

"அண்ணே" என்றேன். அதுவரை அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. "உள்ள சந்தனம் இருக்கு. நான்தான் வச்சேன்."

கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவருடைய தோள் இரண்டும் கீழே இறங்கின. "சந்தனமா! அப்பாடா" என்றார். "ரெண்டு நாளா பிளாக்கே வெடிச்சிருக்கோன்னு நெனச்சேன் கிராணி. சந்தனம்தானா!" எழுந்தார். கம்பியை வைத்து, ஒரு தட்டு, ஒரு பார்வை, ஒரு தட்டு, ஒரு பார்வை என்று எடுத்தார். முப்பத்தொரு தட்டு. புஷ் வெளியே வந்தது. வாய் கொஞ்சம்கூட நசுங்கவில்லை. பிளாக்கின் ஓட்டைக்குள், நான் தடவியதையெல்லாம் புஷ் வழித்துக்கொண்டு போய் ஓரிடத்தில் சேர்த்திருந்தது. நகத்தால் சுரண்டினார். மஞ்சள் தூள் உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார். ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவி, புஷ்ஷைத் திரும்ப இறக்கினார். தண்டை விட்டு இரண்டு விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றினார். விரலை எடுத்த பிறகும் தண்டு சுற்றியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். சுற்றிப் பார்த்தார். முகம் மலரவில்லை.

"இப்ப எப்படி சுத்துது? என்ன இருந்துச்சு?"

ஃபிட்டர் சட்டென்று பதில் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நான் பேசுவதற்கு இடம் விட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எவ்வளவு நேரம் என்றால், நான் கூரைத் தகரத்தின் மடிப்புகளைப் பதினேழு வரை எண்ணினேன்.

"அழுக்கு, முதலாளி" என்றார். "கழுவும்போது நான் கவனிக்கல."

"அழுக்கா? ஒழுங்காக் கழுவாததுக்கா இத்தனை நாள் என்னைப் பயங்காட்டினே?" முதலாளிக்குத் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. "இத மூடிக் குடுத்துட்டுக் கெளம்பு."

பதினெட்டாவது மடிப்பில் என் கண் நின்றது. வாய் திறக்கவில்லை.

இன்னும் மூன்று நாள் வேலை இருந்தது. வேலை போன மனிதர் அந்த மூன்று நாளும் ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று முடுக்கி, பயந்து, தளர்த்தி, மறுபடி முடுக்கினார். கடைசி நாள் பஸ் சோதனை ஓட்டம் போய்த் திரும்பியது. சூசை இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி பூனை மாதிரி போகுது அண்ணே" என்றான். பிறகு சட்டைப் பையில் சுருட்டைத் தேடினான்.

அவர் கைகழுவிவிட்டு என் மேஜைக்கு வந்தார். எழுந்து நின்றேன்.

"என் மேல கோவம் இல்லியா?"

"கோவமா?" அவர் கண்கள் அலைந்தன. "கிராணி, கப்பல்ல ஏழு நாளாம். அந்த இஞ்சினை யாரு மாட்டுனாங்களோ, எப்படி மாட்டுனாங்களோ. மூணும் பொட்டப் புள்ளைங்க. ரொம்ப பயமா இருக்கு. அதுக்கு நடுவுல கோவத்துக்கு எடமே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கணும். புதுப் புஷ். மொதல் ஆயிரம் மைல் ஓடினதும் எண்ணெய மாத்திடணும். யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க. நீங்க எண்ணுவீங்களே."

எண்ணினேன். போக இருபத்து மூன்று மைல், வர இருபத்து மூன்று. நாளைக்கு இரண்டு நடை. ஒன்பதாம் நாள் போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து அவர்கள் கப்பல் புறப்பட்டதாக, வழியனுப்பப் போயிருந்த சூசை வந்து சொன்னான். பதினோராம் நாள் மாலை கணக்கு ஆயிரத்துப் பன்னிரண்டு மைலுக்கு வந்தது. முதலாளியின் அறைக்குப் போனேன்.

"ரெண்டாம் நம்பருக்கு எண்ணெய் மாத்தணும், முதலாளி."

"போன வாரம்தானே ஊத்துனது? யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"இஞ்சினைப் பத்தி உனக்கு என்னய்யா தெரியும்?"

கதவைப் பிடித்துக்கொண்டேன். "சந்தனம் மண்ணெண்ணெய்ல கரையாதுன்னு தெரியும், முதலாளி. பிளாக்குக்குள்ள இருந்தது அழுக்கு இல்ல. பூசையன்னைக்கு நான் வச்ச பொட்டு. வைக்காதீங்கன்னு அவர் சொல்லியும் வச்சேன்."

முதலாளி பேனாவை மூடினார். வீட்டில் அவளிடம் எப்படிச் சொல்வது, பெட்டி எத்தனை, படுக்கை எத்தனை என்று மனம் எண்ணத் தொடங்கிவிட்டது.

அவர் தன் பின்னால் சுவரில் இருந்த முருகன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமிக்கு வச்சதா?" என்றார். குரலில் கோபமே இல்லை. "அத அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த ஆள நான் ஏன்யா அனுப்பப் போறேன்? சாமி காரியத்துக்கு யார என்ன சொல்ல முடியும்?"

அவர் பேனாவை மறுபடி திறந்தார்.

"போ. எண்ணெய மாத்தச் சொல்லு."